செய்தியை யார் எழுதுகிறார்கள், யார் நம்பப்படுகிறார்கள்? 1893 முதல் நம் கைப்பேசி வரை

கடந்த ஆண்டு நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதைச் சொல்லிவிட்டே இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறோம்.

எங்கள் வாசிப்பு வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு காணொளி வந்தது. ஓர் இளைஞரை மரத்தில் கட்டி வைத்து அடிக்கிறார்கள். "பக்கத்து ஒன்றியத்தில் நேற்று நடந்தது, எந்தச் சேனலும் போடவில்லை, பகிருங்கள்" என்று கீழே எழுதியிருந்தது. ரத்தம் கொதித்தது. எங்களில் மூன்று பேர் கைவசம் இருந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அது வடமாநிலம் ஒன்றில் பல ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டது என்று.

அதே வாரம் ஒரு கிராமத்தில் நம் மக்களின் சுடுகாட்டுப் பாதையை முள்வேலி போட்டு அடைத்திருந்தார்கள். அந்த ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேருடன் மனு கொடுக்கப் போனோம். அதிகாரி மனுவைப் படிக்கவில்லை. தன் கைப்பேசியை எடுத்து அந்தக் காணொளியைக் காட்டினார். "இதுவும் நீங்க அனுப்பினதுதானே? இது பொய்னா அது மட்டும் உண்மையா?" என்றார். வேலியின் படம் எங்கள் கையில் இருந்தது. பாதையில் நடக்க முடியாதவர்கள் எதிரிலேயே நின்றார்கள். நாங்கள் அனுப்பிய ஒரு பொய், அந்த ஆறு பேரின் உண்மையைப் பேசவிடாமல் செய்துவிட்டது.

பிறகு வட்டத்தில் இதைப் பற்றிப் பேசினோம். ஒரு கல்லூரித் தம்பி சொன்னார்: "தோழர், நான் நியூஸே பாக்குறதில்ல. எல்லாரும் விலைபோனவங்க. நம்ம பசங்க குரூப்ல வர்றதுதான் உண்மை." இதில் முதல் பாதிக்கு வரலாற்றில் நிறையச் சான்று இருக்கிறது. இரண்டாம் பாதியை நம் முன்னோர்களே ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். ஏன் என்று பார்ப்போம்.

அவர்களுக்கு முன்பே நாம் எழுதினோம்

தமிழ்நாட்டுப் பத்திரிகை வரலாற்றைப் பாடப் புத்தகத்தில் படித்தவர்களுக்கு இரண்டு பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். 1878இல் தொடங்கிய 'தி இந்து', 1882இல் தொடங்கிய 'சுதேசமித்திரன்'. ஆனால் 1869லேயே 'சூரியோதயம்' என்ற இதழ் நம் மக்களிடமிருந்து வந்தது. 1871இல் 'பஞ்சமன்', 1885இல் ஜான் ரத்தினமும் அயோத்திதாசரும் நடத்திய 'திராவிட பாண்டியன்', அதன் பின் 'மகாவிகடதூதன்', 'பறையன்', 'பூலோகவியாஸன்', 'தமிழன்' என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. ஆய்வாளர் ஜெ.பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடித் தொகுத்து 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்று நூலாக்கியிருக்கிறார். மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

அந்தத் தொடக்க கால இதழ்கள் சிலவற்றின் ஒரு பிரதிகூட இன்று நம் கைக்குக் கிடைப்பதில்லை. வேறு இதழ்களில் வந்த குறிப்புகளால்தான் பெயராவது மிஞ்சியிருக்கிறது. எழுதியவர்கள் இருந்தார்கள், வாசித்தவர்கள் இருந்தார்கள். சேர்த்து வைக்க நூலகமும் நிறுவனமும் இல்லை. "தலித்துகள் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால், இந்த வரிசையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

112 அடி நீள மனு

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' என்ற மாத இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதே பெயரை இதழின் தலையில் அச்சிட்டார். தன் பெயரைச் சொல்லிக்கொண்டு அச்சமில்லாமல் முன்வந்து உரிமை கேட்காதவரை விடுதலை இல்லை என்பது அவர் எண்ணம். முதல் இதழின் நானூறு பிரதிகள் இரண்டு நாளில் விற்றுத் தீர்ந்தன என்று தன் சுருக்கமான வாழ்க்கை வரலாற்றில் அவரே குறிப்பிடுகிறார்.

அந்த ஆண்டு நடந்த ஒன்றைக் கவனியுங்கள். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் நடத்துவதோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. இந்தியர் எல்லோரின் குரலாக அது முன்வைக்கப்பட்டது. கல்விக்கூடத்தின் வாசலிலேயே நிறுத்தப்பட்ட நம் மக்களுக்கு அதன் பொருள் வேறாக இருந்தது. ஏற்கெனவே படித்த சாதிகளே ஆட்சியர்களாகவும் வந்துவிட்டால், ஊரில் அடிப்பவரும் அலுவலகத்தில் மனு வாங்குபவரும் ஒரே ஆளாகிவிடுவார் என்று அஞ்சினார்கள். 1893 டிசம்பரில் சென்னை வெஸ்லியன் மண்டபத்தில் கூட்டம் போட்டு எதிர்ப்பு மனு எழுதினார்கள். அதில் 3,412 பேர் கையெழுத்திட்டார்கள். மனுவின் நீளம் 112 அடி. அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது.

அந்த நிலைப்பாடு சரியா தவறா என்று இன்று நாம் விவாதிக்கலாம். அவர்கள் வேலை செய்த முறையைத்தான் இங்கே பார்க்கச் சொல்கிறோம். பத்திரிகையில் எழுதினார்கள். கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். "எல்லோரும் கேட்கிறார்கள்" என்று பொதுவாகச் சொன்னவர்களுக்கு, "இதோ எங்கள் 3,412 பேரின் பெயர்கள்" என்று எண்ணிக் காட்டினார்கள். மறுக்க முடியாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள்.

ஒரு பைசாவில் ஒரு சமூகம்

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. நான்கு பக்க வார இதழ், விலை பெயரிலேயே இருக்கிறது. ஓராண்டு கழித்துப் பெயர் 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் இறக்கும் வரை அவரே நடத்தினார்.

அதில் அரசியல் இருந்தது, நாட்டு நடப்பு இருந்தது, பௌத்தம் இருந்தது, மருத்துவம் இருந்தது. சுயராஜ்யம் கேட்பவர்கள் ஊர்க் கிணற்றில் நம் மக்களுக்குத் தண்ணீர் தருகிறார்களா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. வாசகர்கள் சந்தேகங்களை எழுதி அனுப்பினார்கள், அவர் இதழிலேயே விடை எழுதினார். மாற்றுக் கருத்துக்காரர்களோடு பெயர் சொல்லி வாதிட்டார்.

யார் அந்த வாசகர்கள்? சென்னையின் சேரிகளில் மட்டும் அவர்கள் இல்லை. கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை செய்த தொழிலாளர்கள், பெங்களூரில் இருந்தவர்கள், ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கப் போனவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்திராத மக்கள் ஓர் இதழின் வழியாக ஒரே பேச்சில் கலந்துகொண்டார்கள். இன்று 'ஆன்லைன் கம்யூனிட்டி' என்கிறோமே, அதைத் தபால்தலை ஒட்டி, கப்பலில் அனுப்பி, நூறாண்டுக்கு முன்பே கட்டியிருக்கிறார்கள். தங்கவயல் வாசகர்களின் பணமும் உழைப்பும் அந்த இதழைத் தாங்கின. 1920களில் அதே தங்கவயலிலிருந்து ஜி.அப்பாதுரை 'தமிழ'னை மீண்டும் நடத்தினார்.

அந்தக் கூட்டத்துக்குள் எல்லோரும் ஒரே மாதிரி நினைத்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் உறவினர்கள். சீனிவாசனின் தங்கையைத்தான் அயோத்திதாசர் மணந்திருந்தார். ஆனால் 'பறையன்' என்ற பெயரை ஏற்பதா மறுப்பதா என்பதில் இருவருக்கும் கடும் முரண். ஒருவர் அந்தப் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும் என்றார். மற்றவர், அது எதிரிகள் சூட்டிய பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். இன்று நம் குழுக்களில் இதே அளவு கருத்து வேறுபாடு வந்தால் என்ன நடக்கிறது? ஒருவர் குழுவைவிட்டு வெளியேறுவார், இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார், மூன்றாமவர் "இவன் கைக்கூலி" என்பார். அவர்களுக்கும் கோபம் வந்தது, காட்டமாகவும் எழுதினார்கள். ஆனால் காரணத்தோடு எழுதினார்கள். அதனால்தான் அந்தச் சண்டையே இன்று நமக்கு வரலாறாகவும் பாடமாகவும் இருக்கிறது.

காசு கொடுத்தாலும் போடமாட்டோம்

மராட்டியத்துக்குப் போவோம். 1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' என்ற இதழைத் தொடங்கினார். 'ஊமைகளின் தலைவன்' என்று பொருள். கோலாப்பூர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். அண்ணல் அப்போது சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியர் என்பதால் ஆசிரியராக வேறொருவர் பெயர் இருந்தது.

புதிய இதழ் வருகிறது என்று 'கேசரி' பத்திரிகைக்கு ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். கட்டணம் தருகிறோம் என்றார்கள். 'கேசரி' மறுத்துவிட்டது. திலகரின் பத்திரிகை அது. சுதந்திரம் பிறப்புரிமை என்று முழங்கியவரின் பத்திரிகையில், ஒடுக்கப்பட்டோருக்கு ஒரு பத்திரிகை வருகிறது என்ற தகவலுக்குக் காசு கொடுத்தும் இடம் கிடைக்கவில்லை.

1927 மார்ச்சில் மகத் குளத்தில் தண்ணீர் அருந்தினார்கள். மக்கள் தாக்கப்பட்டார்கள். அதன்பின் இரண்டே வாரத்தில், ஏப்ரல் 3 அன்று, அண்ணல் 'பகிஷ்கிருத் பாரத்' இதழைத் தொடங்கினார். மகத்தில் நடந்ததை மற்றவர்கள் தங்கள் வசதிப்படி எழுதிக்கொண்டிருந்தபோது, நடந்தது என்ன என்று சொல்ல நமக்கென ஒரு தாள் வேண்டியிருந்தது. அதன் பக்கங்களைப் பெரும்பாலும் அவரே எழுதி நிரப்பினார். பிறகு 'சமதா', 'ஜனதா', 1956இல் 'பிரபுத்த பாரத்'. வழக்கறிஞர், பேராசிரியர், சட்ட அமைச்சர் என்று எந்தப் பொறுப்பில் இருந்தாலும் நமக்கென ஒரு பத்திரிகை வேண்டும் என்பதை அவர் கடைசி ஆண்டு வரை கைவிடவில்லை.

வெண்மணி: மோதல் என்ற ஒரு சொல்

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம்.

மறுநாள் நாளிதழ்கள் பலவற்றில் இது விவசாயிகளுக்கு இடையே நடந்த மோதல் என்று வந்தது. 'மோதல்' என்ற ஒரு சொல் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். மோதல் என்றால் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டார்கள் என்று ஆகிறது. எரித்தவர் யார், எரிந்தவர் யார் என்ற கேள்வியே எழாது. சாதி என்ற சொல்லுக்கும் அங்கே இடமில்லை. இன்றும் செய்தியில் "இரு தரப்பினர் மோதல்" என்று படிக்கும்போது, ஒரு நிமிடம் நின்று யார் வீடு எரிந்தது என்று கேளுங்கள்.

எண்ணிக்கையிலும் இதே கதை. அரசு ஆவணத்தில் இறந்தவர்கள் 42 பேர். மக்கள் நினைவில், வெண்மணி நினைவிடத்தில், 44 பேர்.

1970இல் கீழ் நீதிமன்றம் நிலக்கிழார் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் மற்றவர்களுக்கும் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அவ்வளவு நிலமும் அந்தஸ்தும் உள்ளவர்கள் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. 'நம்ப முடியவில்லை' என்பதை நன்றாகக் கவனியுங்கள். செல்வாக்குள்ளவன் செய்த குற்றத்தை நம்ப முடியவில்லை, எரிந்தவர்களின் உறவினர் சொன்ன சாட்சியத்தையும் நம்ப முடியவில்லை. நம்பகம் என்பது சொல்லப்படும் செய்தியை மட்டும் பொறுத்ததாக இருந்ததே இல்லை. சொல்பவர் எந்தத் தெருவில் இருந்து வருகிறார் என்பதையும் பொறுத்தே இருந்திருக்கிறது.

உண்மை எப்படி வெளியே வந்தது? மைதிலி சிவராமன் போன்றவர்கள் நேரில் போனார்கள். எரிந்த குடிசைகளைப் பார்த்தார்கள், தப்பியவர்களிடம் பேசினார்கள், கூலி எவ்வளவு, நிலம் யாருடையது என்று விசாரித்து எழுதினார்கள். அந்த உழைப்பால்தான் 'மோதல்' என்ற சொல் தோற்று, 'வெண்மணிப் படுகொலை' என்ற பெயர் நிலைத்தது.

செய்தி அறைக்குள் நாம் இல்லை

1996இல் பி.என்.உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர் ஒரு வேலை செய்தார். தலித் பத்திரிகையாளர் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்று ஒரு வெளிநாட்டுச் செய்தியாளர் கேட்க, டெல்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர்களின் பட்டியலை எடுத்துத் தேடினார். ஒருவரைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

2006இல் டெல்லியிலிருந்து இயங்கும் 37 ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. தலித்தும் பழங்குடியினரும் ஒருவரும் இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வில் 121 தலைமைப் பொறுப்புகளைப் பார்த்தார்கள். 106 பேர் உயர்த்திக்கொண்ட சாதியினர். அப்போதும் தலித்தும் பழங்குடியினரும் ஒருவரும் இல்லை. நாட்டு மக்கள்தொகையில் நாம் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு.

ஆகவே அந்தத் தம்பி ஊடகங்களை நம்பமாட்டேன் என்று சொன்னதில் வியப்பில்லை. அவருடைய அவநம்பிக்கைக்கு நூறாண்டுக் காரணம் இருக்கிறது.

கயர்லாஞ்சியும் இணையமும்

2006 செப்டம்பர் 29. மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்டம், கயர்லாஞ்சி கிராமம். போட்மாங்கே குடும்பத்தின் தாய், மகள், இரண்டு மகன்கள் ஊரார் கண்முன்னே கொல்லப்பட்டார்கள். முதலில் வந்த செய்திகள் இதைக் கள்ள உறவு விவகாரமாக எழுதின. அடுத்த சில நாட்களில் நாக்பூர் தீட்சாபூமியில் லட்சக்கணக்கான நம் மக்கள் கூடினார்கள். அண்ணல் பௌத்தம் தழுவிய 50ஆம் ஆண்டு அது. சில மணி நேரப் பயணத் தொலைவில் நடந்த படுகொலை அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை.

அதை உடைத்தது நம் மக்களின் உண்மை அறியும் குழுக்களும், அவர்கள் எழுதிய அறிக்கைகளும், மின்னஞ்சலிலும் வலைப்பதிவுகளிலும் பரவிய படங்களும்தான். ஒரு மாதத்துக்குப் பின் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதற்குப் பிறகே பெரிய ஊடகங்கள் அந்த ஊருக்கு வழி கேட்டன. 'மூக்நாயக்' செய்த வேலையை இணையம் செய்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ரவிச்சந்திரன் 2010களின் தொடக்கத்தில் தொடங்கிய 'தலித் கேமரா'வும் இந்த வழியில் வந்ததுதான். பாதிக்கப்பட்டவர் தன் வாயால், தன் மொழியில், வெட்டாமல் பேசுவதைப் பதிவு செய்து அப்படியே போட்டார்கள்.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. கயர்லாஞ்சியில் இணையம் வேலை செய்தது, அதற்கு முன் யாரோ அந்த ஊருக்குப் போய் விசாரித்ததால். அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலில் ஊர் இருந்தது, தேதி இருந்தது, கேட்டு எழுதியவர் பெயர் இருந்தது. எங்கள் குழுவுக்கு வந்த காணொளியில் இவற்றில் ஒன்றுமே இல்லை. ஆத்திரம் மட்டும் இருந்தது.

இப்போது நம் கையில்

அயோத்திதாசர் தவறாக எழுதினால் இராயப்பேட்டை முகவரிக்குக் கடிதம் போட்டுக் கேட்கலாம். 'பறையன்' எழுதியதற்கு சீனிவாசன் பொறுப்பு. ஒரு பைசா கொடுத்து வாங்கியவருக்கு இதழிடம் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. இன்று ஃபார்வர்டுக்கு முகவரி கிடையாது, பொறுப்பாளரும் கிடையாது. அது ஓடும் தளமும் நம்முடையது இல்லை. நாம் அதிக நேரம் கோபமாக இருந்தால் அவர்களுக்கு லாபம். நம்மை இழிவுபடுத்தும் சாதிப் பெருமைக் காணொளியும், அதற்கு நாம் எழுதும் பதிலும் ஒரே கல்லாவுக்குத்தான் காசு சேர்க்கின்றன.

நம் எதிர்த்தரப்பு ஒரு பொய்யைப் பரப்பி மாட்டிக்கொண்டால், அடுத்த நாள் இன்னொன்றைப் பரப்புவார்கள். அவர்களை நம்ப ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். நம் நிலை அப்படி இல்லை. நாம் நூறு உண்மை சொன்னாலும் ஒரு பொய்யை வைத்து நூறையும் தள்ளிவிடுவார்கள். இது அநியாயம். அநியாயம் என்று தெரிந்தேதான் நாம் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போடும் வழக்குகளையே பொய் வழக்கு என்று சொல்லத் துடிப்பவர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் நாமே ஆதாரம் கொடுக்கக் கூடாது.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வட்டத்தில் சில பழக்கங்களை வைத்துக்கொண்டோம். எந்த ஊர், எந்தத் தேதி, எடுத்தவர் யார் என்று தெரியாத காணொளியை அனுப்புவதில்லை. அந்த ஊரில் தெரிந்தவர் ஒருவரிடமாவது போனில் கேட்கிறோம். முடிந்தால் நேரில் போகிறோம். பாதிக்கப்பட்ட பெண்கள், சிறுவர்களின் பெயரையும் முகத்தையும் வெளியிடுவதில்லை. மனு எண், முதல் தகவல் அறிக்கை எண் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறோம். தவறாக அனுப்பிவிட்டால், அனுப்பிய அதே குழுக்களில் "நாங்கள் தவறாக அனுப்பினோம்" என்று எழுதுகிறோம். முதல்முறை எழுதியபோது கை கூசியது. இப்போது பழகிவிட்டது.

பெரிய ஊடகங்களையும் விட்டுவிட வேண்டாம் தோழர்களே. படியுங்கள், பாருங்கள், 'மோதல்' என்று எழுதினால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். இதழியல் படிக்க ஆசைப்படும் தங்கையை, தம்பியைத் தடுக்காதீர்கள். அந்த 121 நாற்காலிகளும் நமக்காகத் தானாகக் காலியாகப் போவதில்லை.

சுடுகாட்டுப் பாதைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை கிராம வரைபட நகல், பாதையின் அளவு, தேதியிட்ட பதினொரு படங்கள், அந்தத் தெருவில் உள்ள எல்லா வீட்டாரின் கையெழுத்தும் கொண்டு போனோம். எங்கள் மனு 112 அடி இல்லை, ஏழு பக்கம்தான். அதிகாரி இந்த முறை படித்தார். வேலி பாதி அகன்றிருக்கிறது. மீதிக்காக அடுத்த திங்கள்கிழமையும் போகிறோம்.

ஜெய் பீம்.